கரண்ட் போனால் ஓடும் படம்

எங்கள் மாவு மில்லில் கரண்ட் போய்விட்டால் ஒரு காலத்தில் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். பெல்ட் உதறிக்கொண்டு நிற்கும். பாதி அரைபட்ட ராகி அப்படியே கிடக்கும். தூக்குப்போசியும் டப்பாவுமாகக் காத்திருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு யாராவது கேட்பார்கள்.

"ஏனுங்க, ரிக்கண்ணன் ஊட்டுல இருக்காருங்களா?"

இருந்தால் படம் ஓடும். மற்ற ஊர்களில் கரண்ட் இருந்தால்தான் படம் ஓடும். புதுச்சத்திரத்தில் எங்கள் மில்லில் மட்டும் கரண்ட் போனால் ஓடும்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலை இருக்கவில்லை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வாலிபத்திலேயே ஏறியவர். அதனால் ஊருக்கே ரிக்கண்ணன். அந்தக் கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுசைக் கழித்ததால் காது கொஞ்சம் மந்தம். குரலோ அதற்கு நேர்மாறு. ரகசியம் என்று அவர் காதோடு சொன்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருக்கிறவர் தலையாட்டுவார். மில்லுக்கு அடுத்த வீடு அவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

படம் அவருக்குக் கிடைத்தது ஆப்பிரிக்காவில். திருச்செங்கோட்டுப் பக்கத்து முதலாளி ஒருவர் அங்கே பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டுக்கு ரிக் வண்டியை அனுப்பியபோது இவரும் கூடப் போனார். வேலை முடிந்தால் கேம்ப்பில் டிவி. ஒருநாள் அதில் பிரெஞ்சுக்காரர்களின் சிரிப்புப் படம் ஒன்று போட்டார்கள். கேம்ப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டதாம். இவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டிச்சேரி மெக்கானிக் ஒருவருக்குப் பிரெஞ்சு தெரியும். அவர்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறார். இவருக்குக் காது மந்தம் ஆகையால் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார்.

"அவிய நாட்டுல வடக்கால ஒரு சீமைங்க. அங்க பேசறது ஒரு தினுசாட்ட இருக்குமாம். மத்த ஊருக்காரங்க அதக் கேட்டாச் சிரிப்பாங்களாம். அந்த ஊருக்கு மாத்தல்னு கேட்டாலே ஆபீசருக அழுவாங்களாம். அப்புடி அழுதுட்டே போன ஒருத்தன், திரும்பி வாரப்பவும் அழுதுட்டே வாரான். அவ்வளவுதானுங்க கதை. அந்த நாட்டுல பாக்காத ஆளே இல்லையாம்."

அவர் வாயால் ஓட்டுகிற படத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இவ்வளவுதான் வருவார்கள். அதன் பிறகு படம் எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஆபீசர் மெட்ராஸ்காரர் ஆகிவிடுவார். மாத்தல் புதுச்சத்திரத்துக்கு. பஸ்ஸை விட்டு அவர் இறங்கியதும் முதலில் எதிர்ப்படுகிறவர், அன்றைக்கு மில்லில் யார் ராகிப் போசியோடு உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான். அவர் ஆபீசரைப் பார்த்து, "வாங்க, எங்கீங்க இந்தப் பக்கம், தண்ணி குடிக்கறீங்களா, ஆரூட்டு ஒறம்பரைங்க நீங்க, என்ன சொந்தமுங்க?" என்று மூச்சு விடாமல் கேட்பார். ஆபீசர் போலீஸ் விசாரணை என்று பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நானும் பல நாள் படத்தில் வந்திருக்கிறேன். ஆபீசருக்குக் கோதுமை மாவுக்குப் பதில் மிளகாய்த்தூளைக் கொடுத்துவிட்டு, "சாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்கிற மில்காரன் வேஷம் எனக்கு.

ஒரு தரம் சொன்னதுபோல மறு தரம் இருக்காது. ஒருநாள் தையல்காரம்மா ஒருவர் விடவில்லை.

"ஏனுங்கண்ணா, போன தடவ அந்த ஆபீசரு கெணத்துல உழுந்தாருல்ல? இன்னைக்கு எருமை மேல உழுகறாரு?"

"அது பழைய பிரிண்டுங்க அம்மணி. கெணறு வத்திப்போச்சு."

இவர் அப்படி என்ன பெரிய ஆள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால் அங்கே இருக்கிற அத்தனை பேரும் அவரை "வாங்க" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் போதாது. வீட்டுக்காரி கேட்க வேண்டும், பிள்ளைகள் கேட்க வேண்டும், நமக்கு முன்னால் வந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிற வேற்றூர்க்காரரும் கேட்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவருக்கும் "வந்தனுங்க" என்று, வந்துவிட்டேன் என்கிற அர்த்தத்தில், பதில் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்காமல் விட்டாலும் அது மனதில் தங்கிவிடும். சாவு வீடு ஒன்றுதான் இதற்கு விலக்கு. அங்கே யாரும் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. வாசலில் வரிசையாக நிற்கிற சொந்தக்காரர்களின் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்வோம்.

இது எல்லோருக்கும் உள்ள வழக்கம். ரிக்கண்ணனுக்கு மட்டும் அது ஊர் எல்லையோடு முடியாது.

அவருடைய மகள் ஒருமுறை அவரைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஃபேர்லேண்ட்ஸில் பெரிய கண்ணாடிக் கடை ஒன்றில் உட்காரவைத்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடி தயாராக நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். ஏசி, சோபா, பளபளவென்று தரை. கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா உள்ளே வந்திருக்கிறார். இவர் எழுந்து, "வாங்க" என்றாராம். அடுத்து ஒரு டாக்டர் போல ஒருவர். அவருக்கும் "வாங்க, வெய்யில்ல வந்திருக்கறீங்க, உக்காருங்க." கொஞ்ச நேரத்தில் வருகிறவர்கள் எல்லாம் இவரிடமே வந்து ஃபிரேம் விலை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மகள் வெட்கப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். கடை முதலாளியோ, "இருக்கட்டும்மா, இன்னைக்கு யாவாரம் நல்லாப் போகுது" என்று அவருக்கு இன்னொரு காப்பி வரவழைத்தாராம்.

சனிக்கிழமை காலையில் நானும் அவரும் சேர்ந்து நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவோம். நான் போனதும் கண்ணை மூடி எனக்குத் தெரிந்ததை முணுமுணுப்பேன். ராகி விலை, பையன் படிப்பு, மோட்டார் காயில் என்று கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கும். அவர் கண்ணை மூட மாட்டார். வானத்தை முட்டி நிற்கிற அந்தத் திருமுகத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டு, "வந்தனுங்க சாமி" என்பார். அவ்வளவுதான். வேறு வேண்டுதல் இல்லை.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏனுங்கண்ணா, போனதும் வந்தனுங்கன்னு சொல்றீங்களே, என்னத்துக்குங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லோணுமில்ல தம்பி."

"ஆரு கேட்டா?"

"அவுரு வாங்கன்னு கேக்காமயா நாமொ வந்து நிக்கறம்?"

அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்கிறேன். மோட்டார் காயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவரை வாயைத் திறக்காதே என்று கட்டிப்போட்ட நாள் ஒன்று வந்தது.

மகள் மெட்ராஸில் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. நல்ல பையன், நல்ல குடும்பம். பையனின் அப்பா பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிக்கண்ணன் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பயம். பையன் வீட்டார் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒன்று. தாய்மாமன் சம்மதிப்பாரோ என்று இன்னொன்று. தாய்மாமன் பள்ளிபாளையத்தில் தறிப் பட்டறை வைத்திருக்கிறவர். சீர் முறை எதிலும் ஒரு அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர். அவர் முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது.

மெட்ராஸ்காரர்கள் பெண் பார்க்க வருகிற அன்று காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. அவர் சம்சாரத்தை நான் அக்கா என்பேன். அக்கா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் படத்த எடுத்துப்போடாதீங்க. அவிய மெட்ராஸ்காரங்க. அவியளையே கேலி பண்றாப்புல ஆயிரும்."

"செரி."

"பேசறதையும் கொஞ்சம் பதனமாப் பேசுங்க. டிவில செய்தி படிக்கறாங்களே, அந்த மாதிரி."

மகள் "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்கும் "செரி சாமி" என்றார்.

என்னையும் பக்கத்து வீடு என்று முறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திருநீறு இட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். பையன், அவன் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா என்று நான்கு பேர் காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வாங்க வாங்க என்று கேட்டது. அவர்கள் சிரித்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ரிக்கண்ணன் தட்டை நீட்டி, "இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காரமும் இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது. அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவருக்கும் பேசத் தெரியவில்லை. வந்தவர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள், காலண்டரைப் பார்த்தார்கள். பேச்சு ஓடவில்லை.

அந்த நேரத்தில் தாய்மாமன் வந்து சேர்ந்தார். பஸ் தாமதம். வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். எங்கள் ஆட்கள் எல்லோரும் வாங்க என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் வந்தனுங்க சொல்லிக்கொண்டே வந்து மெட்ராஸ்காரர்கள் முன்னால் நின்றார். அவர்கள் நிமிர்ந்து பார்த்துப் பளிச்சென்று சிரித்தார்கள். காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

தாய்மாமன் அங்கேயே நின்றார். கொஞ்சம் பொறுத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். திரும்பி வெளியே நடந்து, வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

அக்கா பின்னாலேயே ஓடினார். "அண்ணா, என்னங்கண்ணா?"

"என்ற தங்கச்சி ஊட்டுல உக்காந்துட்டு என்னைய ஒருத்தரும் வாங்கன்னு கேக்கல. பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாலயே இப்புடி. எடுத்துப்போட்டா நான் ஆருன்னு கேப்பாங்க. நான் போயிட்டு வாரேன்னு சொல்லல, கெளம்பறேன்."

உள்ளே பையனின் அப்பாவுக்கு விவரம் புரியவில்லை. பெண்ணின் மாமா தங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார். "அவருக்கு நம்மளப் புடிக்கல போல. வீட்டுக்காரரும் ஒண்ணும் பேச மாட்டேங்கிறார். கட்டாயப்படுத்தக் கூடாது. கிளம்பிடலாம்."

உள்ளறைக் கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு ஆஞ்சநேயர் பேர்தான் வாயில் வந்தது.

ரிக்கண்ணன் நடுவாசலில் நின்றார். ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் வேப்பமரம். அவர் சம்சாரத்தையே பார்த்தார். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தப் படத்தச் சொல்லித்தான் தொலைங்களேன்" என்றார்.

கூடத்துக்கும் மரத்தடிக்கும் ஒருசேரக் கேட்கிற குரல் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அன்றைக்கு ஓடினது முற்றிலும் புதுப் பிரிண்ட். ஆபீசர் வரவில்லை. வந்தது அவரேதான்.

"ஆப்பிரிக்காவுல எறங்கி மொத நாளுங்க. கேம்ப்புக்குள்ளார போறேன். பத்துப் பதினஞ்சு பேரு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தனும் வாங்கங்கல. என்னடா இது, கடல் தாண்டி வந்தவன வாங்கன்னு கேக்கத் தெரியாத சனமா இருக்குதேன்னு எனக்கு நெம்ப வெசனமாப் போச்சுங்க. சோத்துக்குக் கூப்புட்டாங்க, போகல. ஆனா ஒருத்தன் பாக்கியில்லாம எங்கிட்ட வந்து கைய மட்டும் நீட்டறான். நான் அப்பத்தான் வண்டிக்கு நட்டு முடுக்கிட்டு இருந்தேன். செரி, ஸ்பேனர் கேக்கறான்னு கையில ஸ்பேனரக் குடுத்தேன். அடுத்தவன் வந்து நீட்டறான். அவனுக்குச் சுத்தியல். அடுத்தவனுக்கு கிரீஸ் டப்பா. அல்லாரும் ஆளுக்கு ஒரு சாமானக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நிக்கறாங்க. எனக்குன்னா ஆத்தரம். ஏண்டா, வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல, சாமான் மட்டும் வேணுமாடான்னு."

பையனின் சித்தப்பாதான் முதலில் சிரித்தார். காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

"பாண்டிச்சேரிக்கார மெக்கானிக்கு வந்து தலையில அடிச்சுக்கிட்டான். யோவ், கையக் குடுக்கறதுதான்யா இவங்க ஊரு வாங்கன்னான். அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு மின்னால நான் ஒவ்வொருத்தனாத் தேடிப் போயிக் கையக் குடுத்தேனுங்க."

நிறுத்திவிட்டு மரத்தடிப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அவிய உங்களப் பாத்துச் சிரிச்சாங்கல்ல? அது மெட்ராஸு வாங்க. நீங்க அதுக்கு ஸ்பேனரக் குடுத்துட்டுப் போயி நிக்கறீங்க."

கூடத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பையனின் அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்தார். செருப்பைக் கூடப் போடாமல், வெய்யில் மண்ணில் நடந்து வேப்பமரத்தடிக்குப் போனார். கையைக் கூப்பினார்.

"வாங்க" என்றார். "தெரியாமப் போச்சு. வாங்க."

தாய்மாமன் துண்டை ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். மரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வந்தனுங்க" என்றார்.

அவர் பின்னாலேயே பையனும் அம்மாவும் சித்தப்பாவும் வந்து வரிசையில் நின்று ஆளுக்கொரு வாங்க கேட்டார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. உள்ளே வந்து, காலையில் இருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிற எங்களையும் ஒவ்வொருவராக வாங்க என்று கேட்டார்கள். தண்ணீர் கேன் போட வந்த பையனையும் கேட்டார்கள். அவன் பயந்து கேனை வைத்துவிட்டு ஓடிவிட்டான். நானும் எழுந்து நின்று "வந்தனுங்க" என்று சொன்னேன். வேறு என்ன செய்வது. முறை முறைதானே.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார். மெட்ராஸ் சம்பந்தி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தால் ரிக்கண்ணனோடு மில்லில் வந்து உட்கார்ந்துவிடுவார். ராகி டப்பாவோடு யார் நுழைந்தாலும் எங்களுக்கு முன்னால் அவர் வாங்க என்று கேட்டுவிடுவார். கரண்ட் போனால் படத்தில் ஆபீசர் வேஷம் இப்போது அவருக்கு. ஒருநாள் ரிக்கண்ணன் அவரைப் பழையபடி கிணற்றில் தள்ளிவிட்டார். "சார், போன தடவைதானே எருமை மேல விழுந்தேன்" என்று அவர் கேட்க, "ஊட்டுல பொண்ணு எடுத்தவரு, உங்களுக்கு ரெண்டும் உண்டுங்க" என்று பதில் வந்தது.

ரிக்கண்ணன் ஓர் ஐப்பசி மாதத்து விடியற்காலையில் போய்விட்டார். படுத்தவர் எழவில்லை. இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, யாரையும் காத்திருக்க வைக்கவில்லை. அவர் மனசுக்கு ஆண்டவன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போய் நின்றதும் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மகளும் மருமகனும் சம்பந்தியும் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு. அதனால் மருமகன் வாசலில் முதலில் நின்றான். அடுத்து சம்பந்தி, பிறகு நான். வருகிறவர்கள் எங்கள் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போக வேண்டும்.

முதல் ஆள் வந்ததும் சம்பந்தி கையை நீட்டிக்கொண்டே, "வாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர் திகைத்து என்னைப் பார்த்தார். அடுத்தவருக்கும், அதற்கு அடுத்தவருக்கும் அதே. அவருக்குக் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. இந்த வீட்டு வாசலில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். எங்கே அதைச் சொல்லக் கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்தலுக்குள் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் என் முதுகைத் தொட்டு, "மெதுவாச் சொல்லுங்க அவருகிட்ட" என்றார். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போது பள்ளிபாளையத்தில் இருந்து தாய்மாமன் வந்து இறங்கினார். அன்றைக்கும் தாமதம்தான். சீர் முறை தெரிந்தவர், கண்டிப்பானவர். பந்தலே திரும்பிப் பார்த்தது. சம்பந்தி அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, "வாங்க" என்றார்.

தாய்மாமன் அந்தக் கைகளைப் பிடித்தார். விடவில்லை. உள்ளே திரும்பி, மாலைக்குள் முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்தார்.

"வந்தனுங்க" என்றார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பிறகு அப்படியே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள்.